கரண்ட் (கதிர்வீச்சு) முடிந்தபின் எந்த ஸ்கேனை நம்புவது? மலக்குடல் புற்றுநோய்க்கு ஓர் ஒப்பீடு

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, எம்.ஆர்.ஐ. நல்லதா, பெட் ஸ்கேன் நல்லதா? எதை எடுத்தா எனக்குப் பை வேண்டாம்னு வரும்?"

தையற்கடை வைத்திருப்பவர். ஆசனவாயிலிருந்து 4 செ.மீ. மேலே கட்டி. ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்துச் சில மாதங்களைக் களிம்பிலேயே ஓட்டிவிட்டார். அப்புறம் 28 கரண்ட், கூடவே மாத்திரை. எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்கு ஆஸ்பத்திரி ஆயா முதல் நோயாளி வரை எல்லோரும் சொல்வது கரண்ட் என்றுதான். அதெல்லாம் முடிந்து பத்து வாரம் ஆகிறது. கட்டி கரைந்ததா, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். மிச்சம் இருந்தால் ஆபரேஷன். அவ்வளவு கீழே இருக்கும் கட்டிக்கு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆசனவாயையே எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்து, ஆயுசுக்கும் பை. "பையோட எப்படித் தம்பி மிஷின்ல குனிஞ்சு உக்கார்றது?" என்பது அவருடைய அடுத்த கேள்வி.

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். படம் எடுக்கிறவன், ரிப்போர்ட் எழுதுகிறவர் வேறு, முடிவு சொல்கிறவர் வேறு. ஆனால் இந்தப் படங்களோடு நாள் முழுக்கக் கிடப்பதால் ஒன்று தெரியும். எல்லா ஸ்கேனும் சில சமயம் தப்பு செய்யும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பக்கமாகத் தப்பு செய்யும். ஒன்று தழும்பைப் பார்த்துக் கட்டி என்று பயமுறுத்தும். இன்னொன்று கட்டியைப் பார்க்காமல் விட்டுவிடும். எது நல்ல ஸ்கேன் என்று கேட்பதைவிட, எந்த ஸ்கேன் எந்தப் பக்கம் சாயும், அப்படிச் சாய்ந்தால் நான் எதை இழப்பேன் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

இழப்பு இரண்டு வகை. முழுதாகக் கரைந்துபோன கட்டியை "இருக்கிறது" என்று படம் சொன்னால், புற்றே இல்லாத மலக்குடலை வெட்டி எடுத்துவிடுவார்கள். அறுத்தெடுத்ததை நோயியல் மருத்துவர் துண்டு போட்டுப் பார்த்து "புற்றுச் செல் எதுவும் இல்லை" என்று எழுதுவது அபூர்வமான சங்கதி இல்லை. வழக்கமான கதிர்வீச்சும் மாத்திரையும் எடுத்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு அப்படி வரும். மாறாக, மிச்சமிருக்கும் கட்டியை "இல்லை" என்று படம் சொன்னால் அது மறுபடி தலைதூக்கும், ஆபரேஷன் தள்ளிப்போகும். சரியாகக் கண்காணித்தால் பெரும்பாலானவர்களுக்கு அப்போதும் ஆபரேஷன் செய்துவிட முடிகிறது. அந்த இடைவெளியில் நோய் வேறு இடத்துக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு.

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து அறுவை மருத்துவர் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா 2004-இல் வெளியிட்ட கட்டுரை இல்லையென்றால், அண்ணாச்சி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. கதிர்வீச்சும் மருந்தும் முடித்த 265 பேரில், கட்டி முழுதாகக் கரைந்ததாகத் தெரிந்த 71 பேரை ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்ததை அவர் அதில் எழுதினார். அன்றைக்குப் பல அறுவை மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. இன்றைக்கு "காத்திருந்து கவனிப்பது" என்பது பல நாடுகளில் நோயாளி முன்னால் வைக்கப்படும் ஒரு வழி. அந்த வழியில் ஒருவரை அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் ஸ்கேன்கள் போட்டி போடுகின்றன.

முதலில் சி.டி.யை ஓரம்கட்டிவிடலாம். மலக்குடலின் சுவரையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. கட்டிக்கும் தழும்புக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் திணறும். அதன் வேலை நுரையீரலையும் கல்லீரலையும் பார்ப்பது. அந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். மலக்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து போகும் ரத்தம் கல்லீரலைத் தொடாமலேயே இதயம் வழியாக நுரையீரலுக்குப் போக வழி இருக்கிறது. அதனால் மார்புப் படத்தை விட்டுவிடக் கூடாது. "கட்டி கரைஞ்சிருச்சான்னு சி.டி. எடுத்துப் பாத்தோம்" என்று யாராவது சொன்னால், அவர்கள் பார்த்தது வேறு விஷயம்.

ஆசனவாய் வழியாகக் கருவியை விட்டு எடுக்கும் அல்ட்ராசவுண்டும் இந்த இடத்தில் உதவாது. கட்டி சின்னதாக, ஆரம்ப நிலையில் இருக்கும்போது, அது குடற்சுவரின் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று சொல்வதில் அது கெட்டி. கரண்ட் வைத்தபின் சுவர் தடித்து, அடுக்குகள் கலங்கி, தழும்பும் கட்டியும் ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும். குடல் சுருங்கியிருந்தால் கருவி உள்ளேயே போகாது.

மிச்சம் நிற்பவை எம்.ஆர்.ஐ.யும் பெட் ஸ்கேனும்.

எம்.ஆர்.ஐ.

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு பொதி இருக்கிறது. அதை மூடி ஒரு மெல்லிய சவ்வு. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர், அந்தச் சவ்வோடு சேர்த்துப் பொதியை முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று 1982-இல் எழுதினார். அதிலிருந்து கேள்வி ஒரு மில்லிமீட்டருக்கு வந்து நிற்கிறது. கட்டியின் ஓரத்துக்கும் அந்தச் சவ்வுக்கும் நடுவே 1 மி.மீ.க்கு மேல் இடம் இருக்கிறதா? அந்தச் சவ்வை உயிரோடிருக்கும் ஆளிடம் கோடு போட்டது போலக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஒன்றுதான். ஐரோப்பாவில் 408 நோயாளிகளை வைத்து நடந்த மெர்குரி ஆய்வு 2006-இல் இதை நிறுவியது.

அதே ஆய்வில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் ஓரம் சுத்தமா இல்லையா என்பதை எம்.ஆர்.ஐ. 91 சதவீதம் சரியாகச் சொன்னது. முதலில் கதிர்வீச்சு, மருந்து எடுத்தவர்களிடம் அது 77 ஆக இறங்கியது. காரணம் தழும்பு. கரண்ட் பட்ட கட்டி சாகும்போது அந்த இடத்தில் நார் போலத் திசு வளர்கிறது. படத்தில் கட்டி சாம்பல் நிறம், தழும்பு தசையைப் போலக் கறுப்பு என்பது பாடம். நிஜத்தில் கறுப்புக்குள் கொஞ்சம் சாம்பல் கலந்து கிடக்கும். அதில் உயிருள்ள செல் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட் எழுதுபவர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று "மிச்சம் இருக்கலாம்" என்று எழுதுவார். ஆக, சாதாரண எம்.ஆர்.ஐ. சாயும் பக்கம் "இருக்கிறது" என்கிற பக்கம்.

இதற்கு மருந்தாக வந்தது டிஃப்யூஷன். தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைப் படமாக்கும் முறை இது. கட்டிக்குள் செல்கள் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்பதால் தண்ணீர் நகர இடமில்லாமல் வெள்ளையாக ஒளிரும். தழும்பில் செல்கள் குறைவு, ஒளிராது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2013-இல் வந்த ஒரு தொகுப்பில், சிகிச்சைக்குப் பிந்தைய கட்டியின் நிலையைக் கண்டுபிடிக்கும் திறன் சாதாரண எம்.ஆர்.ஐ.க்கு 50 சதவீதம். டிஃப்யூஷனும் சேர்த்தால் 84 சதவீதம். ஐரோப்பிய வயிற்றுக் கதிரியக்கச் சங்கத்தின் வழிகாட்டுதல், சிகிச்சைக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒப்பிட வேண்டியது எம்.ஆர்.ஐ.யா பெட்டா என்பதற்கு முன்னால், டிஃப்யூஷன் உள்ள எம்.ஆர்.ஐ.யா இல்லாத எம்.ஆர்.ஐ.யா என்பதைத்தான். இதை யாரும் கேட்பதில்லை. "எத்தனை டெஸ்லா மிஷின்?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

அந்த டெஸ்லா கதையையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்லா என்பது மிஷினின் காந்தப் பலத்தை அளக்கும் அலகு. 3 டெஸ்லா உசத்தி, 1.5 மட்டம் என்று ஒரு நினைப்பு. மலக்குடல் டிஃப்யூஷனுக்கு அது அப்படியே பொருந்தாது. குடலில் காற்று இருக்கும். காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கோணிக்கொள்ளும். புலம் பெரிதாக ஆக அந்தக் கோணலும் பெரிதாகும். நல்ல 1.5 டெஸ்லா மிஷினில் நிதானமாக எடுத்த படம் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

அண்ணாச்சிக்கு நடந்ததே இதற்கு உதாரணம். முதல் சுற்று டிஃப்யூஷனில், பழைய கட்டி இருந்த முன்சுவரில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று. பார்த்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த சாதாரணப் படத்தை உருட்டிப் பார்த்தால், அதே இடத்தை ஒட்டி நெல்லிக்காய் அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி கன்னங்கறேலென்று உட்கார்ந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவரை இறக்கி, சின்ன எனிமா கொடுத்து, கக்கூஸ் போய் வரச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி படுக்கவைத்தோம். குமிழி போன கையோடு கீற்றும் போய்விட்டது. அந்த எனிமா கொடுக்காமல் முதல் படத்தையே அனுப்பியிருந்தால் ரிப்போர்ட்டில் என்ன வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை, கொஞ்சம் பொறுமையும் ஒரு எனிமாவும். ஆனால் நாளைக்கு முப்பது கேஸ் ஓடும் இடத்தில் அந்தக் கால் மணி நேரம்தான் கிடைக்காது.

டிஃப்யூஷனுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் ஒரு வகைக் கட்டி இருக்கிறது. அதில் செல்கள் சளிக்குள் சிதறிக் கிடப்பதால் தண்ணீருக்குத் தாராளமாக நகர இடம் கிடைக்கிறது. கட்டி இருந்தும் டிஃப்யூஷன் அடங்கியே தெரியும். சிகிச்சையில் செல்கள் செத்து வெறும் சளிக்குட்டை மட்டும் மிஞ்சினாலும் படம் அதே மாதிரிதான். இரண்டையும் பிரித்துச் சொல்லும் வித்தை இன்றைய எம்.ஆர்.ஐ.யிடம் இல்லை. இந்திய மருத்துவமனைகளில் மலக்குடல் புற்றோடு வருகிறவர்களில் இளவயதினரும், சளியோடு வரும் முத்திரை மோதிரச் செல் வகையும் மேலைநாடுகளைவிட அதிகம். அதனால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டி எந்த வகை என்று எழுதியிருப்பதை, ஸ்கேன் படிக்கிறவர் கையில் கொடுப்பது நமக்கு இன்னும் அவசியம்.

எம்.ஆர்.ஐ.யில் கட்டி எவ்வளவு தழும்பாகியிருக்கிறது என்று 1 முதல் 5 வரை மார்க் போடும் வழக்கம் உண்டு. 1 என்றால் நல்ல பலன், 5 என்றால் பலனே இல்லை. 2011-இல் வந்த மெர்குரி தொடர் ஆய்வில், நல்ல மார்க் வாங்கியவர்களில் 72 சதவீதமும் மோசமான மார்க் வாங்கியவர்களில் 27 சதவீதமும் ஐந்து வருடம் தாண்டியிருந்தார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசம். ஆனால் அதே மார்க்கை, ஆபரேஷனுக்குப் பின் நோயியல் மருத்துவர் போடும் மார்க்கோடு பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போவது குறைவு. ஒரு ஆளின் நோய் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று கணிக்க இந்த மார்க் உதவும். இவருக்குக் கத்தி வேண்டாம் என்று சொல்ல அது தனியாகப் போதாது.

பெட் ஸ்கேன்

பெட் மேல் மக்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. விலை அதிகம், பெரிய ஊரில் மட்டும் கிடைக்கும், வண்ண வண்ணமாகப் படம் வரும். ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை மருந்தைக் கட்டி எவ்வளவு ஆவலாக உறிஞ்சுகிறது என்பதை அது எண்ணாகவே சொல்லிவிடுகிறது. கரண்டுக்கு முன் 14, பின் 3 என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் யாருக்கும் சந்தோஷம் வரும்.

அந்தச் சந்தோஷத்தை கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். கதிர்வீச்சு பட்ட குடல் புண்ணாகி வீங்கியிருக்கும். புண்ணை ஆற்ற ஓடிவரும் செல்களும் சர்க்கரையைத் தின்னும். அதனால் கட்டி இல்லாத இடமும் ஒளிரலாம். மாறாக, சில மில்லிமீட்டர் அளவில் மட்டும் மிஞ்சியிருக்கும் கட்டி பெட்டின் கண்ணுக்கே சிக்காது. மேலே சொன்ன சளி வகைக் கட்டியோ சர்க்கரையை அதிகம் தொடுவதே இல்லை. சிறுநீர்ப்பை வேறு பக்கத்திலேயே இருந்துகொண்டு, வெளியேறும் மருந்தால் பல்பு மாதிரி எரியும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குக் குடல் நெடுகப் பளபளக்கும். அதனால் அந்த மாத்திரையை முன்கூட்டியே நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் மெட்ஃபார்மின் சாப்பிடாத அறுபது வயதுக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது தனிக் கதை.

ஆக, பெட் இரண்டு பக்கமும் சாயும். அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என்.னின் வழிகாட்டுதலும் மலக்குடல் புற்றுக்கு பெட்டை வழக்கமான பரிசோதனையாகச் சொல்வதில்லை. அப்படியானால் அது எங்கே பணம் பெறும்? ரத்தத்தில் சி.இ.ஏ. (குடல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவு ஏறிக்கொண்டே போகிறது, சி.டி.யில் ஒன்றும் தெரியவில்லை. அல்லது கல்லீரலில் சந்தேகமாக ஒரு புள்ளி, அது வேறு எங்காவதும் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் பெரிய ஆபரேஷனுக்குப் போகலாம். அங்கே பெட் போல உதவுவது வேறில்லை. உடம்பு முழுக்கத் தேடுவது அதன் பலம். குடற்சுவரில் ஒரு மெல்லிய தழும்புக்குள் கட்டி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அதை அனுப்புவது, தெரு விளக்கைப் பிடுங்கி வந்து ஊசியில் நூல் கோப்பது போல.

விரலும் குழாயும்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஐம்பது பேர்தான். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பது, குழாய் விட்டு உள்ளே நேரில் பார்ப்பது, டிஃப்யூஷனோடு எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றையும் சேர்த்தால் என்ன ஆகும்? மூன்றும் "இல்லை" என்று சொன்னால், உண்மையிலேயே கரைந்திருக்க 98 சதவீதம் வாய்ப்பு. மூன்றும் "இருக்கிறது" என்று சொன்னபோதும் 15 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகக் கரைந்திருந்தது.

அந்த 15-ஐ நினைத்துப் பாருங்கள். விரல், குழாய், எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒருமித்துக் கையைத் தூக்கியும், ஏழில் ஒருவர் விஷயத்தில் தப்பு. ஆக "இல்லை" என்று ஒரே குரலில் சொன்னால் கிட்டத்தட்ட நம்பலாம். "இருக்கிறது" என்று சொன்னால் அவ்வளவு கறாராக நம்ப முடியாது. அதனால்தான் இப்போது பல இடங்களில், அரைகுறையாகக் கரைந்தது போலத் தெரிந்தால் உடனே கத்தியை எடுக்காமல், இன்னும் 6 முதல் 12 வாரம் பொறுத்து மறுபடி பார்க்கிறார்கள். கட்டி மெதுவாகத்தான் சாகும். முதல் படத்தில் சந்தேகமாக இருந்தது இரண்டாவது படத்தில் வெறும் தழும்பாக நிற்பதுண்டு.

காத்திருந்து கவனித்தவர்களைப் பற்றி 15 நாடுகளின் 47 மையங்கள் சேர்ந்து திரட்டிய தரவு 2018-இல் வந்தது. முழுதாகக் கரைந்த 880 பேரில் இரண்டு வருடத்துக்குள் 25 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் மறுபடி முளைத்தது. முளைத்ததில் 97 சதவீதம் குடற்சுவரில்தான். சுவரில் முளைப்பதை முதலில் பார்ப்பது குழாயும் விரலும். லட்சக்கணக்கில் செலவழிக்கிற இடத்திலும், கையுறை போட்ட ஒரு விரல் சொல்வதை எந்த மிஷினும் சொல்லாத நாள் வரும். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்து, குழாய் விடாமல், "கரைஞ்சிருச்சு" என்று அனுப்பினால் அது பாதி பரிசோதனை. குழாயும் தனியாகப் போதாது. மேல்தோல் ஆறிப் பளபளவென்று இருக்க, செல்கள் அடியில் தசைக்குள் கிடக்கலாம். பக்கத்துக் கொழுப்பில் இருக்கும் நிணநீர்க் கணுவைக் குழாய் பார்க்காது, எம்.ஆர்.ஐ. பார்க்கும். அந்த இடத்திலிருந்து எடுத்த பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நிம்மதிப்பட்டுவிடக் கூடாது. ஊசிமுனை அளவு துண்டில் அகப்படாதது பக்கத்திலேயே இருக்கலாம்.

முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர்

இப்போது புதிதாக ஒரு போட்டியாளர். சிகிச்சை தொடங்கும் முன்பே, முதல் எம்.ஆர்.ஐ.யை வைத்துக்கொண்டு, இவருக்குக் கரையும், இவருக்குக் கரையாது என்று சொல்லும் கம்ப்யூட்டர் முறைகள். கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறச் சாயல்களை நூற்றுக்கணக்கான எண்களாக்கி அதில் வடிவம் தேடுவது. சீனாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, 933 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ.யையும் பயாப்ஸிக் கண்ணாடித் துண்டையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கவும் அதைச் சோதிக்கவும் பயன்படுத்தி 2022-இல் வெளியிட்டது இவற்றில் கனமான முயற்சி. பழைய தரவில் சோதித்தபோது 1-க்கு 0.86 அளவுக்கு வந்த மதிப்பெண், புதிதாக வந்த நோயாளிகளிடம் 0.81 ஆக இருந்தது. மோசமில்லை. உண்மையில் நல்ல மதிப்பெண்தான்.

எனக்கு இதில் உறுத்துவது மதிப்பெண் இல்லை. நான் ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு மிஷினில் எடுத்தால் சாம்பல் நிறம் இரண்டு விதமாக வரும். ஸ்லைஸை 3 மி.மீ.யிலிருந்து 5 ஆக்கினால் எண்கள் மாறும். கட்டியைச் சுற்றி யார் கோடு வரைந்தார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரு ஊரில் படித்த கம்ப்யூட்டர் இன்னொரு ஊர் மிஷினின் படத்தைப் பார்த்தால் தடுமாறுவது இதனால்தான்.

அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி உண்டு. "உங்களுக்குக் கரையாது" என்று முன்பே தெரிந்தால் என்ன செய்வீர்கள்? கட்டி சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால், கரையாது என்று கம்ப்யூட்டர் சொன்னாலும் ஓரத்தைச் சுத்தப்படுத்தக் கரண்ட் வைத்தே ஆக வேண்டும். "கரையும்" என்று சொன்னாலும் அதே கரண்ட்தான். கணிப்பு சரியோ தப்போ, பாதை மாறவில்லை. கீமோவை முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்பது போன்ற இடங்களில் நாளைக்கு இது கை கொடுக்கலாம். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையம் நடத்திய ஓப்ரா ஆய்வில் 324 பேருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் முழுதாக முதலிலேயே கொடுத்தார்கள். கரண்டுக்குப் பின் கீமோ எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்தும் 53 சதவீதம் பேருக்கு மலக்குடல் அப்படியே இருந்தது. கீமோவை முன்னால் எடுத்தவர்களில் 41 சதவீதம். இந்த வரிசை முடிவுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை. கட்டி கீழே இருக்கிறது, பையைத் தவிர்க்க ஆசை என்றால், சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் இந்த வரிசையைப் பற்றிக் கேட்டுவிடுவது எந்த ஸ்கேனையும்விட லாபம்.

பலனை முன்கூட்டிச் சொல்வதில் இன்றைக்கு முதலிடம் ஒரு படத்துக்கே இல்லை. பயாப்ஸித் துண்டில் செய்யும் எம்.எம்.ஆர். சோதனைதான் அது. டி.என்.ஏ. பிழையைத் திருத்தும் புரதங்கள் இல்லாத கட்டி என்று அதில் வந்தவர்களுக்கு, அதே நியூயார்க் மையம் டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தது. 2022-இல் 12-க்கு 12 பேர்; 2025-இல் சிகிச்சை முடித்த 49-க்கு 49 பேர்; அத்தனை பேருக்கும் கட்டி முழுதாகக் கரைந்தது. கரண்டும் இல்லை, கத்தியும் இல்லை. மலக்குடல் புற்றில் இந்த வகை நூற்றுக்குப் பத்துப் பேருக்குள்தான், மருந்தும் சாமானியர் கைக்கு எட்டும் விலையில் இல்லை. இருந்தாலும் அந்தச் சோதனையைச் செய்யாமல் கம்ப்யூட்டர் கணிப்புக்குப் பணம் கட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அண்ணாச்சிக்கு என்ன சொன்னேன்

நானாக ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். டிஃப்யூஷன் எடுத்திருக்கிறதா? கரண்டுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யைப் பக்கத்தில் வைத்துப் படித்தார்களா? குழாய் எப்போது விடுவார்கள்? விரலுக்கு என்ன தட்டுப்பட்டது?

இரண்டாவது கேள்வியில் ஒரு வினை இருந்தது. அவருடைய முதல் எம்.ஆர்.ஐ. வேறு ஊரில், வேறு ஒரு சென்டரில் எடுத்தது. கையில் இருந்தது ரிப்போர்ட் காகிதமும், நாலு படங்களைச் சுருக்கி அடித்த ஒரு ஃபிலிமும். கட்டி எந்தச் சுவரில், கடிகாரக் கணக்கில் எந்தத் திசையில் இருந்தது என்று தெரியாமல், கரைந்தபின் எங்கே தேடுவது? அவருடைய மகன் போய் இரண்டு நாள் அலைந்து அந்தப் படங்கள் அடங்கிய சி.டி. (குறுந்தட்டு) வாங்கி வந்தான். அதைப் போட்டுப் பார்த்தபோது, குறுக்குவெட்டுப் படங்களைக் கட்டிக்குச் செங்குத்தாக எடுக்காமல் உடம்புக்குச் செங்குத்தாக எடுத்திருந்தார்கள். மலக்குடல் வளைந்துகொண்டு போகிற சாமான். நேராக வெட்டினால் சுவர் சாய்வாக வெட்டுப்பட்டு, கட்டி தசையைத் தாண்டியது போலப் பொய்யாகத் தெரியும். குறையுள்ள படம்தான். ஆனாலும் இடம் தெரிந்தது. அந்த இடத்தில் இப்போது கறுப்பாக ஒரு மெல்லிய கோடு, டிஃப்யூஷனில் அமைதி.

அடுத்த வாரம் குழாய் விட்டார்கள். வெளுத்த தழும்பு, புண் இல்லை என்று எழுதியிருந்தது. விரலுக்கும் வழுவழுப்புதான். டாக்டர் அவரையும் வீட்டுக்காரம்மாவையும் உட்காரவைத்து இரண்டு வழியையும் சொல்லியிருக்கிறார். காத்திருந்தால் நாலில் ஒருவருக்குத் திரும்பும், திரும்பினால் அந்த ஆபரேஷனைச் செய்தே ஆக வேண்டும், முதல் இரண்டு வருடம் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும் என்று. திரும்புகிறவற்றில் 88 சதவீதம் அந்த இரண்டு வருடத்துக்குள்தான் திரும்புகிறது. வர முடியாதவர், ஊர் தூரம், கூட ஆளில்லை என்றால், எவ்வளவு அழகான ஸ்கேன் வந்தாலும் ஆபரேஷன்தான் பத்திரம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கட்டி மேலே இருந்து, ஆபரேஷன் செய்தாலும் நிரந்தரப் பை வேண்டியிருக்காது என்கிறவர்களுக்குக் காத்திருப்பதால் கிடைக்கும் லாபமும் குறைவு. அவர்களுக்குக் கணக்கு வேறு.

அண்ணாச்சி காத்திருக்கும் வழியை எடுத்தார். மூன்றாவது ஸ்கேனுக்குப் போன மாதம் வந்தபோது மஞ்சள் பையில் எல்லா சி.டி.யையும் வரிசையாகத் தேதி எழுதி அடுக்கி வைத்திருந்தார். எங்கள் புதுக் கம்ப்யூட்டரில் சி.டி. போடும் டிரைவே கிடையாது. மாடியில் பழைய கணக்குப்பிள்ளை ரூமில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் படியேறிப் போய் அதில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அதற்குள் அவர் எனிமாவை முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே, கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.